காதால் சிரிக்க வைத்த கலைவாணர்

படம் இல்லாமல், குரலை மட்டும் கேட்டு உங்களால் சிரிக்க முடியுமா? முடியும் என்று நிரூபித்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றும் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்பவர்களில் நானும் ஒருவன்.

நாடகக் கொட்டகையே பள்ளிக்கூடம்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29ஆம் நாள் பிறந்தார் கிருஷ்ணன். வீட்டில் வறுமை. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நாடகக் கொட்டகையில் சோடா விற்கப் போன சிறுவனை மேடை இழுத்துக்கொண்டது. வட்டாரத்தின் வில்லுப்பாட்டு அவருக்கு முன்பே பழக்கம். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து வளர்ந்தார்.

1930களில் தமிழ்ப்படங்கள் பேசத் தொடங்கியபோது அவரும் திரைக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கு முதல் படமான ‘சதிலீலாவதி’யில் (1936) இவரும் நடித்தார். அதே காலத்தில்தான் டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். இருவரும் வாழ்க்கையிலும் நகைச்சுவையிலும் இணைந்தார்கள். கதைக்கு நடுவே வரும் இவர்களுடைய பகுதிக்காகவே மக்கள் சீட்டு வாங்கினார்கள்.

குரலில் இருந்த வித்தை

அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடங்கள்தான் பதிவு செய்யலாம். அதற்குள் சிரிக்க வைக்க வேண்டும், முகபாவனை உதவாது. கதை சொல்லும் வேகம், நிறுத்தம், குரல் ஏற்ற இறக்கம் ஆகியவையே கருவிகள். வில்லுப்பாட்டிலும் காலட்சேபத்திலும் ஊறிய கிருஷ்ணனுக்கு இவை கைவந்த கலை. ‘ராஜா ராணி’ (1956) படத்தில் சிரிப்பைப் பற்றியே ஒரு பாடல் பாடியிருக்கிறார். அதில் விதவிதமான சிரிப்புகளைச் சிரித்துக் காட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்; ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு மனிதர் தெரிவார்.

இங்கிலாந்திலும் 1951 முதல் 1960 வரை பி.பி.சி. வானொலியில் ‘தி கூன் ஷோ’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி ஒலிபரப்பானது. அதை எழுதியவர்களில் முதன்மையான ஸ்பைக் மில்லிகன் இந்தியாவில் பிறந்தவர். அந்தப் பதிவுகளை இன்றும் கேட்டுச் சிரிக்கிறார்கள். நல்ல நகைச்சுவைக்குக் காதே போதும் என்பது இரண்டு நாடுகளிலும் உண்மையாகியிருக்கிறது.

சிறையிலிருந்து மீண்டவர்

புகழின் உச்சியில் இருந்தபோது இடி விழுந்தது. 1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1947இல் இருவரும் விடுதலையானார்கள்.

சிறையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. வெளியே வந்தவர் கசப்பைக் கொட்டவில்லை. முன்னைவிடக் கூர்மையாகச் சிரிக்க வைத்தார். அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’ (1949) அப்போது வந்ததுதான். அதில் விஞ்ஞானத்தை வளர்ப்பது பற்றி ஒரு பாடல் உண்டு. பொத்தானைத் தட்டினால் பலகாரம் வரும் இயந்திரத்தை அன்றே கற்பனை செய்து சிரிக்க வைத்தார்கள்.

கிந்தன் நமக்கு யார்?

நான் மிகவும் மதிப்பது அவருடைய ‘கிந்தனார்’ காலட்சேபத்தை. சிதம்பரம் போக ஏங்கிய நந்தனாரின் கதையை அவர் புதிதாக்கினார். தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த கிந்தன் ஏங்குவது படிப்புக்காக. ஊரில் அடிபட்டவன், ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, பள்ளிகளைச் சோதிக்கும் அதிகாரியாகத் திரும்பி வருகிறான்.

கம்போங் மேடானில் மாலை வகுப்புக்கு வரும் படிவம் ஐந்து மாணவர்களுக்கு இதை ஒருமுறை போட்டுக் காட்டினேன். முதலில் கைப்பேசியை நோண்டினார்கள். ரயில் பயணம் வந்ததும் சிரித்தார்கள். முடிந்தபோது ஒரு மாணவி, தன் தாத்தாவும் தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர் என்றாள். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கிந்தன் இருக்கிறார். சிலர் ரயிலைப் பிடித்தார்கள், சிலரால் முடியவில்லை.

நிறத்தையும் உடல் பருமனையும் கேலி செய்வதே நகைச்சுவை என்று நினைக்கும் பழக்கம் நம் வகுப்பறைகளிலும் இருக்கிறது. கலைவாணரின் சிரிப்பு வேறு திசையில் போனது. கீழே கிடப்பவனை அது மிதிக்கவில்லை. மிதிப்பவனின் அறியாமையைக் காட்டியது. அதனால்தான் காலம் மாறியும் அது புளிக்கவில்லை.

சம்பாதித்ததை வாரிக் கொடுத்த கலைவாணர், 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் 48 வயதில் காலமானார். சென்னை தியாகராய நகரில் அவருடைய சிலையை 1969 ஜனவரியில் அண்ணா திறந்து வைத்தார். அதுவே அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி.

மாணவர்களே, இந்த வாரம் பத்து நிமிடம் ஒதுக்கி ‘கிந்தனாரை’க் கேளுங்கள். நான்காம் வகுப்போடு நின்ற ஒருவர், படிப்பின் அருமையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்.