தமக்குத் தாமே பள்ளிக்கூடம்

1880-ம் வருஷம். பெல்ஜியம் நாட்டில் போரினாஜ் என்ற நிலக்கரிச் சுரங்கப் பிரதேசம். அங்கே குவெம் என்னும் ஊரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சிறிய வீடு. அந்த வீட்டின் ஓர் அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்று வீட்டுக்காரரின் குழந்தைகளுக்கு. மற்றொன்று அங்கே குடியிருந்த ஒரு வாலிபருக்கு. வெளிச்சம் போதாத அந்த அறையிலேதான் அவர் பெரிய காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு படம் வரையப் பழகினார். வேறோர் இடம் கேட்டுப் பார்த்தார். துணி துவைக்க அந்த இடம் வீட்டு அம்மாளுக்கு வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை.

அவருக்கு ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை, மணி அடிப்பாரும் இல்லை. ஆனாலும் அவர் மாணவர். அவர்தான் பிற்காலத்தில் உலகமெல்லாம் புகழ்பெற்ற ஓவியர் வின்சென்ட் வான்கோ.

எடுத்ததெல்லாம் தோல்வி

வான்கோ 1853-ம் வருஷம் மார்ச் 30-ந் தேதி ஹாலந்து தேசத்தில் ஸுண்டர்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். 16-வது வயதில் கூப்பில் என்ற படவியாபாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஹேக், லண்டன், பாரிஸ் ஆகிய நகரங்களில் ஏழு வருஷ காலம் பிறர் வரைந்த படங்களோடு பழகினார். 1876-ல் அந்த வேலை போயிற்று.

அதன்பின் இங்கிலாந்தில் பள்ளி உபாத்தியாயர். பிறகு புத்தகக் கடைச் சிப்பந்தி. அப்புறம் வேதசாஸ்திர மாணவர். எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் சுரங்கத் தொழிலாளரிடையே மதபோதகராகப் போனார். தம் உடைகளையும் உடைமைகளையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அவர்களைப் போலவே வாழ்ந்தார். அதுவும் போதகருக்குத் தகாத நடத்தை என்று மேலிடத்தார் கருதினர். 1879-ல் அந்த உத்தியோகமும் புதுப்பிக்கப்படவில்லை.

வயது 27. குடும்பத்தில் தலைகுனிவு. இந்த நிலையில்தான் அவர் ஓவியராவது என்று தீர்மானித்தார். தம்பி தியோ அதே கூப்பில் கம்பெனியில் வேலை பார்த்து வந்தார். அவர் அனுப்பிய பணமே பிழைப்புக்கு ஆதாரமாயிற்று. ஆகவே வீணாகும் ஒவ்வொரு காகிதமும், வீணாகும் ஒவ்வொரு நாளும் தம்பியின் சம்பளத்திலிருந்து கழிவதுதான். இந்த நினைவு வான்கோவை வாழ்நாள் முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

அறுபது தாள்கள்

புதிதாக வரையத் தொடங்குகிறவர்கள் சாதாரணமாக என்ன செய்கிறார்கள்? மனத்துக்குப் பிடித்ததை எடுக்கிறார்கள், பாதியில் விட்டுவிடுகிறார்கள், உடனே வர்ணத்தின்மேல் ஆசை கொள்கிறார்கள். வான்கோ அப்படிச் செய்யவில்லை. முதலில் தமக்கு ஒரு பாடத் திட்டம் தேடினார்.

ஷார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர் மாணவர்களுக்காக ஒரு சித்திரப் பாடமாலை தயாரித்திருந்தார். அதை வெளியிட்டதும், விந்தை பாருங்கள், வான்கோவை வெளியே அனுப்பிய அதே கூப்பில் கம்பெனிதான்! ஹேக் நகரில் தமக்கு முன்பு மேலதிகாரியாக இருந்தவருக்கே எழுதி, அதை இரவல் வாங்கினார். அதில் ஒரு பகுதி கரிக்கோல் பயிற்சி. மனித உடலின் உருவரைகள் மொத்தம் 60 தாள்கள். வர்ணமில்லை, அலங்காரமில்லை, கோட்டின் சாய்வையும் அங்கங்களின் அளவையும் கண்ணால் நிதானித்துக் கையால் போட வேண்டியதுதான் வேலை.

அறுபதையும் ஒன்றுவிடாமல் வரைந்தார். பிற்பாடு பெற்றோர் வீட்டுக்குப் போன சமயத்தில் மறுபடியும் வரைந்தார். உழவர்களைத் தீட்டிய மில்லேயின் படங்களையும் பார்த்துப் பார்த்துப் போட்டார். எண்ணெய் வர்ணத்தை ஏறக்குறைய இரண்டு வருஷ காலம் ஒத்திப்போட்டார். கோடு வசப்படாமல் வர்ணத்தைத் தொடுவதில் பயனில்லை என்பது அவருடைய கொள்கை.

தேவையை அறிந்த மாணவர்

தானே படிப்பவன் யாரிடமும் போகக் கூடாது என்று ஒரு தவறான அபிப்பிராயம் உண்டு. வான்கோவின் வாழ்க்கை அதைப் பொய்யாக்குகிறது. 1880 அக்டோபரில் அவர் பிரஸ்ஸெல்ஸ் நகருக்குப் போனார். அங்கே எலும்புக்கூடும் தசைகளும் அமைந்திருக்கும் விதத்தைப் புத்தகங்களைப் பார்த்து வரைந்து கற்றார். ரப்பார்ட் என்ற இளம் ஓவியரின் சிநேகம் கிடைத்தது. அவருடைய ஓவியக் கூடத்தில் இடமும் கிடைத்தது.

அடுத்த வருஷம் எட்டன் கிராமத்தில் பெற்றோரோடு இருந்தபோது மண் வெட்டுகிறவர்களையும் விதைக்கிறவர்களையும் நிற்க வைத்து வரைந்தார். ஏட்டுப் பாடம் உயிருள்ள மனிதரிடத்தில் பரீட்சைக்கு வந்தது. கண்ணுக்கு எதிரே உள்ள மனிதன் காகிதத்தில் விறைத்து நின்றான். எனவே மீண்டும் பாடமாலைக்கே திரும்பினார். மீண்டும் வயலுக்குப் போனார். இப்படி மாறி மாறிச் செய்ததுதான் அவருடைய முதல் வருஷப் படிப்பு.

அவருடைய உறவுப் பெண்ணை மணந்தவர் ஆண்டன் மௌவ். அவர் ஹேக் நகரில் பேர்பெற்ற ஓவியர். 1881-ம் வருஷக் கடைசியில் சில வாரங்கள் அவரிடம் நீர்வர்ணமும் எண்ணெய் வர்ணமும் கையாளக் கற்றார். மறு வருஷம், பிளாஸ்டர் வார்ப்புப் பொம்மைகளைப் பார்த்து வரையும்படி மௌவ் வற்புறுத்தவே, கோபத்தில் பொம்மைகளைக் கரித்தொட்டியில் எறிந்து உடைத்துவிட்டார்! குருவும் சீடரும் பிரிந்தனர். ஆனால் நன்றி மாறவில்லை. 1888-ல் மௌவ் காலமான செய்தி வந்தபோது, பூத்துக் குலுங்கும் பீச் மரத்தைத் தீட்டிய தம் படம் ஒன்றை அவருடைய நினைவுக்கே அர்ப்பணம் செய்தார்.

அந்த 1882-லேயே தூரமும் கிட்டமும் சரியாக விழுவதற்காகக் கம்பிகள் கட்டிய சட்டம் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். அதைக் கடற்கரை மணலில் ஊன்றி, ஜன்னல் வழியே பார்ப்பதுபோல் பார்த்து வரைந்தார். அந்த வருஷமே சிற்றப்பா ஒருவர் நகரக் காட்சிகள் 12 வரையச் சொல்லி 30 கில்டர் கொடுத்தார். சொந்தக் கையால் சம்பாதித்த பணம் அது.

நாற்பது முகங்கள்

1884-85 குளிர்காலத்தில் நூனன் கிராமத்தில் தமக்குத் தாமே மற்றொரு பயிற்சி விதித்துக்கொண்டார். குடியானவர்களின் முகங்கள் ஏறத்தாழ 40 தீட்டினார். விளக்கு வெளிச்சத்தில் அந்த முகங்களில் இருளும் ஒளியும் எப்படி விழுகின்றன என்று ஆராய்ந்தார். அதன் பலன்தான் 1885-ல் பிறந்த ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்ற படம்.

அதன் அச்சுப் பிரதியைப் பார்த்த ரப்பார்ட் மிகக் கடுமையாகக் குறை கூறினார். வான்கோ அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பினார். ஐந்து வருஷ சிநேகம் அத்துடன் முறிந்தது. தனி வழியில் நடப்பவனுக்கு நேரும் ஆபத்து இது. குறை சொல்பவர் இல்லாவிட்டால் குற்றம் தெரியாது. சொன்னாலோ தாங்கும் பக்குவம் இருப்பதில்லை.

பள்ளியின் தீர்ப்பு

1886 ஜனவரியில் அவர் ஆண்ட்வெர்ப் நகர ஓவியக் கலாசாலையில் முறையாகச் சேர்ந்தார். வயது 32. பகலில் வர்ண வகுப்பு. மாலையில் சிற்ப வார்ப்புகளைப் பார்த்து வரையும் வகுப்பு. அது போதாதென்று, இரவில் சித்திரச் சங்கங்களுக்குப் போய் உயிருள்ள மனிதரைப் பார்த்து வரைந்தார். முன்பு எந்தப் பொம்மைகளை உடைத்தாரோ, அவற்றின் முன்னால் இப்போது தாமாகவே போய் உட்கார்ந்தார்! தேவை இன்னதென்று தாமே உணர்ந்த பிறகு பழைய பாடம் கசக்கவில்லை.

ஆனால் ஆசிரியர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. பிப்ரவரி முடிவில் அவர் பாரிசுக்குப் புறப்பட்டுவிட்டார். அவர் போன பிறகு வந்தது கலாசாலையின் தீர்ப்பு: அவரை ஆரம்ப வகுப்பில் சேர்க்க வேண்டுமாம்!

பாரிசில் கொர்மோன் என்பவரின் பயிற்சிக்கூடத்தில் சில மாதங்கள் பழகினார். பெரும்பயிற்சி தம் அறையில்தான். மாடல்களுக்குக் கூலி கொடுக்க வழியில்லாததால் பூக்களைத் தீட்டினார். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா என்று வர்ணங்களை இணைத்துப் பார்த்தார். பல நிறக் கம்பளி நூலை உருண்டைகளாகச் சுற்றி ஒரு பெட்டியில் வைத்திருந்தார். நிறச் சேர்க்கையை அவற்றில் பரீட்சை பார்ப்பாராம். தெற்கே ஆர்ல் நகரில் அவர் தீட்டிய சூரியகாந்திப் பூக்களின் ஒளி, இந்தப் பயிற்சியில் ஊறி வந்தது.

மீண்டும் முதல் பாடம்

மனநோய் அவரை வாட்டியது. 1890-ல் ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ என்ற படம் 400 பிராங்குக்கு விலை போயிற்று. அதே வருஷம் ஜூலை 29-ந் தேதி, தம்மைத் தாமே சுட்டுக்கொண்ட காயத்தால், 37-வது வயதில் மறைந்தார். தம்பி தியோவும் ஆறு மாதத்தில் காலமானார். பத்து வருஷ உழைப்பில் 850-க்கு மேற்பட்ட எண்ணெய் வர்ணப் படங்கள் எஞ்சின. தியோவின் மனைவி யோஹன்னா அவற்றைக் காப்பாற்றி உலகறியச் செய்தார்.

அவர் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்தது ஒன்று உண்டு. ஓவர் என்ற ஊரிலிருந்து தம்பிக்கு எழுதி, பார்க்கின் அந்தக் கரிக்கோல் பயிற்சித் தாள்களை அனுப்பும்படி கேட்டார். அறுபதையும் மீண்டும் வரைந்து பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நட்சத்திர இரவைத் தீட்டி முடித்த கை, சுரங்க ஊரின் இருட்டறையில் போட்ட முதல் கோட்டையே திரும்பவும் நாடியது.

ஓவியப் பள்ளியில் முதல் வருஷம் படிக்கும் இளைஞர்கள், ஆசிரியர் வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்வது என்று திகைப்பதுண்டு. அவர்களுக்கு வான்கோ காட்டிய வழி இதுதான்: ஒரு சிறிய பயிற்சி, அதை முடிக்கும் வரை வேறொன்றைத் தொடாத உறுதி, முடித்த பிறகும் அதனிடம் திரும்பி வரும் பணிவு.