விண்மீன்களை ஆராய்ந்தவர் பெயரில் பக்கவாதப் பரிசோதனை: கிறிஸ்டியன் டாப்ளரின் வாழ்க்கை

பக்கவாத நோயாளியின் கழுத்துத் தமனி சுருங்கியுள்ளதா என்பதை ஊசியோ கதிர்வீச்சோ இன்றிக் கண்டறிய உதவுவது டாப்ளர் ஸ்கேன். அப்பெயருக்கு உரியவரான கிறிஸ்டியன் டாப்ளர் மருத்துவர் அல்லர். விண்மீன்களின் நிறத்தை ஆராய்ந்த ஆஸ்திரிய இயற்பியலாளர்.

சால்ஸ்பர்க் நகரில் கல்தச்சர் குடும்பத்தில் 1803 நவம்பர் 29 அன்று பிறந்த டாப்ளர், உடல் நலிவால் குடும்பத் தொழிலை ஏற்க இயலாமல் கணிதம் பயின்றார். நிலையான பணி கிடைக்காததால் அமெரிக்காவில் குடியேற ஆயத்தமான வேளையில், 1835-இல் பிராக் நகரில் ஆசிரியர் பணி கிடைத்தது.

அந்நகரில் 1842 மே 25 அன்று தமது கோட்பாட்டை அவர் முன்வைத்தார். அலையை எழுப்பும் பொருள் நெருங்கி வரும்போது அதிர்வெண் கூடுவதாகவும், விலகிச் செல்லும்போது குறைவதாகவும் தோன்றும் என்பதே அது. அதைக்கொண்டு இரட்டை விண்மீன்களின் நிறங்களுக்கு அவர் அளித்த விளக்கம் பிழையானது, கோட்பாடோ சரியானது. நெதர்லாந்து அறிஞர் பைஸ் பாலட், 1845-இல் ரயிலில் இசைக் கலைஞர்களை ஊதச் செய்து ஒலியைப் பொறுத்தவரை அதை மெய்ப்பித்தார்.

வியன்னா பல்கலைக்கழக இயற்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநராக 1850-இல் டாப்ளர் பொறுப்பேற்றார். எனினும், கணித அறிஞர் பெட்ஸ்வால் 1852-இல் அவரது கோட்பாட்டைக் கடுமையாக எதிர்த்தார். நுரையீரல் நோய் முற்றிய நிலையில் வெனிஸ் சென்ற டாப்ளர், 1853 மார்ச் 17 அன்று 49-ஆவது வயதில் காலமானார்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1950-களில் ஜப்பானின் ஒசாகாவில் ஷிகேயோ சடோமுரா இக்கோட்பாட்டை மீயொலியுடன் இணைத்து இதய இயக்கத்தையும் ரத்த ஓட்டத்தையும் ஆராய்ந்தார். ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் மீயொலியின் அதிர்வெண் மாற்றம், ரத்தத்தின் வேகத்தைக் காட்டும். தமனி சுருங்கிய இடத்தில் அவ்வேகம் கூடும்.

நார்வே நாட்டவரான ரூன் ஆஸ்லிட், 1982-இல் நெற்றிப்பொட்டின் மெல்லிய எலும்பு வழியாக மூளைத் தமனிகளையும் அளக்கும் முறையை வெளியிட்டார். மூளைக்குள் உள்ள தமனிகள் சுருங்குவதால் நேரும் பக்கவாதம் ஐரோப்பியரைவிட இந்தியர் உள்ளிட்ட ஆசியரிடம் அதிகம் என்பதால், இம்முறை இங்கு முக்கியத்துவம் பெறுகிறது. எலும்பு தடித்த சிலருக்கு மட்டும் வேறு பரிசோதனை தேவைப்படும்.

கழுத்துத் தமனியில் கடுமையான சுருக்கம் உரிய காலத்தில் தெரியவந்தால், அறுவை சிகிச்சை அல்லது ஸ்டென்ட் மூலம் அடுத்த பக்கவாதத்துக்கான வாய்ப்பைக் குறைக்க இயலும்.