வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய கல்லூரி மாணவர்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் கூடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கூட்டத்தில் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி ஒரு பை சுற்றி வரும். பிறகு இருவர் இருவராகப் பிரிந்து, தங்களுக்குக் குறிக்கப்பட்ட ஏழைக் குடும்பங்களைப் பார்க்கப் போவார்கள். அரிசியும் மருந்தும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் தருவதோடு, மழைக்கு முன் ஒழுகும் கூரையை மாற்றிக் கொடுப்பதும், பல ஊர்களில் வீடே கட்டிக் கொடுப்பதும் இச்சபையாரின் பணி. ஆனால் இதைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால், நம்மில் பலர் தயங்காமல் புனித வின்சென்ட் தே பவுல் என்றே சொல்லிவிடுவோம். அந்தப் புனிதர் இறந்தது 1660இல். அவர் பெயர் தாங்கிய இச்சபை பிறந்தது 1833இல். இடையில் 173 ஆண்டுகள்! தொடங்கியவர்கள் குருக்களும் அல்லர், துறவிகளும் அல்லர். பாரிஸ் நகரில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். அவர்களுள் முதன்மையானவரான பிரெடரிக் ஓசானாமின் வாழ்க்கையை இவ்விழா மலர் வழியாக நம் மக்களுக்கு, சிறப்பாகக் கல்லூரி செல்லும் நம் இளைஞர்களுக்கு, சொல்ல விரும்புகிறோம்.

ஓசானாம் 1813 ஏப்ரல் 23 அன்று மிலான் நகரில் பிறந்தார். குடும்பம் பிரான்சு நாட்டுக் குடும்பம். அவர் சிறுவனாக இருக்கும்போதே லியோன் நகருக்குத் திரும்பிவிட்டது. பிறந்த 14 பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் மிகச் சிலரே. தந்தை மருத்துவர். ஏழைகளிடம் காசு வாங்காமலே பல நாள் வைத்தியம் பார்த்தவர். தாயும் நோயாளிகளைத் தேடிப் போவார். லியோனின் ஏழைகள் உயரமான மாடி வீடுகளின் உச்சியில் குடியிருந்தார்கள். வயதான பின் கணவனும் மனைவியும் நான்காம் மாடிக்கு மேல் ஏறுவதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்களாம். ஆளுக்கு ஆள் தெரியாமல் அந்த வாக்கை மீறி, ஒரு நாள் உச்சி மாடியில் ஒரு நோயாளியின் வாசலில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். சிரிப்புக்குரிய கதைதான். ஆனால் 1837இல் அந்தத் தந்தை, ஏழை நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில் படியில் தவறி விழுந்தே இறந்தார்.

பதினைந்து, பதினாறு வயதில் ஓசானாமின் விசுவாசம் ஆட்டம் கண்டது. கடவுள் உண்டா என்ற ஐயம் இரவும் பகலும் வாட்டியது. தத்துவ ஆசிரியரான நுவாரோ அடிகளார் பொறுமையாக அவரோடு பேசி, நீண்ட நடைகளில் அழைத்துச் சென்று, மெல்ல மெல்லத் தெளிவித்தார். நம் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு கேள்வி கேட்டால் அதட்டி உட்கார வைக்கும் நமக்கு அந்த ஆசிரியரின் பொறுமை நினைவில் இருந்தால் நல்லது.

சட்டம் படிக்க 1831இல் பாரிஸ் சென்றார். மின்சாரத்தை அளக்க ஆம்பியர் என்கிறோமே, அந்தப் பெயருக்குரிய விஞ்ஞானி ஆம்பியரும் லியோன்காரர்; ஊர்ப் பையன் என்று ஓசானாமைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். மறு ஆண்டு காலரா வந்து பாரிஸில் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. பல்கலைக்கழகத்திலோ திருச்சபை செத்துப்போன மரம் என்ற பேச்சே மேலோங்கி இருந்தது. எம்மானுவேல் பெய்லி என்ற பத்திரிகையாளர் நடத்திய மாணவர் விவாத மன்றத்தில் ஓசானாமும் நண்பர்களும் திருச்சபைக்காக வாதாடினார்கள். வரலாற்றை அடுக்கி வென்றும் வந்தார்கள். ஒரு நாள் எதிரணி மாணவர் ஒருவர், கிறிஸ்தவம் முன்பு செய்த நன்மைகள் இருக்கட்டும், இன்று நீங்கள் செய்வது என்ன என்று கேட்டுவிட்டார். அதற்கு அவர்களிடம் மறுமொழி இல்லை. நம் கருத்தில், அன்று அவர் கேட்ட கேள்வி இல்லையென்றால் இச்சபையே இல்லை.

1833 ஏப்ரல் 23, ஓசானாமுக்கு இருபது வயது நிறைந்த அதே நாள், பெய்லியின் பத்திரிகை அலுவலகத்தில் ஆறு மாணவர்கள் கூடினார்கள். நாற்பதை நெருங்கிய பெய்லி தலைவர். தெவோ என்ற மாணவர் பொருளாளர். கையில் பணம் இல்லை. ஓசானாமும் ஒரு நண்பரும் குளிருக்கு எரிக்கத் தாங்கள் வைத்திருந்த விறகில் மீதமிருந்ததை ஒரு ஏழை வீட்டில் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். அதுவே முதல் உதவி.

ஏழைகளின் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று இம்மாணவர்களுக்குத் தெரியாது. மூப்தார் பகுதியின் இடிந்த சந்துகளில் பணியாற்றிய அருட்சகோதரி ரோசலி ரெந்துவிடம் பெய்லி அவர்களை அனுப்பினார். அந்தச் சகோதரி சில குடும்பங்களின் முகவரியையும் ரொட்டிச் சீட்டுகளையும் கொடுத்தார். அதைவிடப் பெரிதாகச் சிலவற்றைக் கற்றுக் கொடுத்தார்: வீட்டுக்காரரைக் குறை சொல்லாமல் கேட்பது, அவசரப்படாமல் உட்காருவது, கொடுக்கிறோம் என்ற மிடுக்கு இல்லாமல் கொடுப்பது.

ஓசானாமின் பொறுப்பில் முதலில் வந்த குடும்பங்களுள் ஒன்றில் ஐந்து குழந்தைகளின் தாய் ஒருத்தி, குடிகாரனிடம் நாள்தோறும் அடிபட்டுக் கொண்டிருந்தாள். ரொட்டிச் சீட்டால் தீரும் துன்பமா அது? ஓசானாம் விசாரித்தார். அந்தத் திருமணம் சட்டப்படி நடந்ததே இல்லை என்று கண்டுபிடித்தார். அவளை அங்கிருந்து விடுவித்து, பணம் திரட்டிக் கடைக்குட்டிகளோடு அவள் தாய்வீட்டுக்கு அனுப்பி வைத்தார். மூத்த பையன்கள் இருவருக்கும் பெய்லியின் அச்சகத்தில் வேலை கிடைத்தது. சட்டப் படிப்பு இப்படியும் பயன்பட்டது.

இரண்டே ஆண்டுகளில் உறுப்பினர் நூற்றுக்கு மேல் பெருகினார்கள். கூட்டத்தைப் பிரித்தால்தான் பணி பரவும் என்றார் ஓசானாம். நட்பு முறியும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். 1834 டிசம்பரில் கடுமையான வாக்குவாதம். சிலர் கண்ணீரே விட்டார்கள். முடிவில் பிரிந்தார்கள். அந்தப் பிரிவினால்தான் சபை ஊர் ஊராக, பின்னர் நாடு நாடாகச் சென்றது.

படிப்பிலும் அவர் பின்தங்கவில்லை. சட்டத்தில் முனைவர், தாந்தேயைப் பற்றி எழுதி இலக்கியத்தில் முனைவர், பின்பு சொர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1841இல் அமெலியை மணந்தார்; மகள் மரி பிறந்தாள். ஒரு புத்தாண்டு நாளில், தமக்குத் தெரிந்த ஏழைக் குடும்பம் ஒன்று கல்யாணத்தின்போது வாங்கிய மரப் பீரோவை அடகு வைத்துவிட்டது அவர் மனத்தை உறுத்தியது. மீட்டுக் கொடுக்கலாமா என்றார். இப்போது வேண்டாம் என்று மனைவி தடுத்தார். மாலையில் மகளுக்கு வந்து குவிந்திருந்த விளையாட்டுச் சாமான்களைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப் போயிற்று. அதைக் கண்ட அமெலியே போய் மீட்கச் சொன்னாராம். போய் மீட்டுக் கொடுத்த பிறகே மனம் ஆறித் திரும்பினார்.

1848ஆம் ஆண்டு அவருக்குச் சோதனை ஆண்டு. வேலையிழந்த தொழிலாளர் ஜூன் மாதத்தில் கிளர்ந்தெழ, பாரிஸ் தெருக்களில் இரத்தம் ஓடியது. பேராயர் ஆஃப்ர் நேரில் சென்றால் சண்டை ஓயும் என்று நம்பி, ஓசானாமும் இரு நண்பர்களும் அவரிடம் போய் வேண்டிக்கொண்டார்கள். பேராயர் சென்றார். சமாதானம் பேசப் போன இடத்தில் குண்டு பாய்ந்து, இரண்டு நாளில் உயிர் நீத்தார். நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனைதான். ஆனாலும் அதைச் சொன்னவரின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! அவர் ஒதுங்கி உட்காரவில்லை. அந்த ஆண்டிலேயே பத்திரிகையில் ஏழைகளின் குடியிருப்புகளைப் பற்றி, தாம் உள்ளே போய்ப் பார்த்த இருட்டறைகளையும் சேற்று முற்றங்களையும் பற்றி எழுதி, வசதியுள்ள கத்தோலிக்கரைத் தட்டி எழுப்பினார். தொழிலாளர் பக்கம் அளவுக்கு மீறிச் சாய்கிறார் என்று சொந்தச் சகோதரர்களே அவரைக் குறை கூறினார்கள். தர்மம் செய்தால் மட்டும் போதாது, நீதியும் வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து அவர் பின்வாங்கவில்லை.

உடல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. காற்று மாற்றத்துக்காக இத்தாலி சென்றவர், அங்கும் சபையின் கிளைகளைத் தேடிப் போனார். ஊர் திரும்பும் வழியில் மார்செய் துறைமுகத்தில் 1853 செப்டம்பர் 8 அன்று, தேவமாதாவின் பிறப்பு விழா நாளில், வேளாங்கண்ணியில் நாம் கொண்டாடுகிறோமே அதே நாளில், கண்மூடினார். வயது நாற்பதுதான். மகளுக்கு எட்டு வயது.

1997 ஆகஸ்டு 22 அன்று, உலக இளைஞர் மாநாட்டுக்காகப் பாரிஸில் இளைஞர்கள் திரண்டிருந்த வேளையில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நோத்ர தாம் பேராலயத்தில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். வழிகாட்டிய ரோசலி சகோதரிக்கு அதே பட்டம் 2003இல் கிடைத்தது. ஓசானாமின் கல்லறை பாரிஸில் கார்மேல் சூசையப்பர் ஆலயத்தின் நிலவறையில் இருக்கிறது. அதை ஒட்டியே கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். மாணவர்கள் நாள்தோறும் அவ்வழியாகத்தான் வகுப்புக்குப் போய்வருகிறார்கள்.