அவையில் விடையளித்த அமைச்சர்

கோட்டுகால், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர். அம்மாவட்டத் தலைநகரின் பெயரால் அமைந்த திருவனந்தபுரம் தொகுதி மக்கள் 1971ஆம் ஆண்டு வி. கே. கிருஷ்ண மேனனை மக்களவைக்குத் தேர்ந்தெடுத்தனர்.

மேனன் 1896ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். இலண்டனில் பல்லாண்டுகள் வாழ்ந்து, இந்திய விடுதலைக்குப் பாடுபட்டார். 1957இல் நாட்டின் பாதுகாப்பு அமைச்சரானார். படைப்பணிக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் சைனிக் பள்ளிகள் அவர் காலத்தில் தோன்றின.

1959ஆம் ஆண்டு தலாய் லாமா திபெத்திலிருந்து வந்து இந்தியாவில் தஞ்சம் புகுந்தார். தஞ்சம் அளித்த செய்தியைப் பிரதமர் நேரு மக்களவையில் அறிவித்தார். சீன எல்லையில் பதற்றம் மிகுந்தது. எல்லைக் காவல் குறித்து உறுப்பினர்கள் மேனனிடம் வினாக்கள் தொடுத்தனர். அமைச்சர் எவராயினும் அவைக்கு விடையளித்தல் கடமை.

1962இல் சீனப் படை எல்லை கடந்தது. கடுங்குளிரில் போரிட்ட நம் வீரர்களுக்குக் குளிராடைகளும் போதவில்லை. அவையில் கண்டனம் எழுந்தது. நவம்பர்த் திங்களில் மேனன் பதவி விலகினார்.

ஆயினும் அவர் பொதுவாழ்வைத் துறக்கவில்லை. விடையளிக்கும் இடத்தில் இருந்தவர், வினா எழுப்பும் உறுப்பினராக அவைக்குத் திரும்பினார். 1974இல் மறையும்வரை திருவனந்தபுரத்தின் உறுப்பினராகவே விளங்கினார்.

சொற்பொருள்
தஞ்சம் – அடைக்கலம்
திங்கள் – மாதம்

விடையளிக்க
1. தலாய் லாமா எந்நாட்டில் தஞ்சம் புகுந்தார்?
2. மேனன் பதவி விலகியது ஏன்?
3. அமைச்சர்கள் அவையில் விடையளிப்பதால் மக்களுக்கு என்ன நன்மை?