பொம்மைக் கூடம் கண்ட சங்கர்

தோற்றுவாய்

பொம்மையைக் கண்டு மகிழாத குழந்தை உலகில் இல்லை. மொழியும் உடையும் உணவும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆயினும், கையிற் கிடைத்த மரத்துண்டையோ, மண்ணுருண்டையோ, துணிச்சுருளையோ ஓர் உயிராக எண்ணிக் கொஞ்சி விளையாடும் இயல்பு எல்லா நாட்டுச் சிறார்க்கும் பொதுவாக உள்ளது. தமிழகத்தில் இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. கடற்கரை மணலிற் பாவை செய்து விளையாடிய சிறுமியரைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் நிகழ்ந்த அகழாய்வில் சுடுமண் உருவங்களும், பகடைக்காய்களும், ஆடுதற்குரிய வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன.

அம்மாவட்டத்தைச் சேர்ந்த செட்டிநாட்டில் உருவங்களைப் போற்றும் மரபு இன்றும் வாழ்கின்றது. ஊர்கூடி எடுக்கும் புரவியெடுப்பு விழாவில் வேளார் வனைந்த மண்குதிரைகள் ஐயனார் கோயிலை நோக்கிச் செல்கின்றன. நவராத்திரியில் கொலுப்படியின்மேல் மரப்பாச்சிகள் இணையாக வீற்றிருக்கின்றன. காரைக்குடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்ந்த வணிகப் பெருமக்கள் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்குக் கடல் கடந்து சென்று பொருளீட்டினர். தேக்கு, பீங்கான், கண்ணாடி முதலிய அரும்பொருள்களைக் கொணர்ந்து தம் இல்லங்களை அணிசெய்தனர்.

அவ்வாறே கடல் கடந்து சென்ற மற்றொருவர், தாம் சென்ற நாடுதோறும் பொம்மைகளை வாங்கித் திரட்டினார். ஆனால் அவற்றை அவர் தம் இல்லத்தில் வைத்துக்கொள்ளவில்லை. நாட்டுக் குழந்தைகள் அனைவர்க்கும் உரிய செல்வமாக ஆக்கினார். அவரே டில்லி மாநகரில் பன்னாட்டுப் பொம்மைக் காட்சிச்சாலையை நிறுவிய சங்கர் ஆவார்.

இளமையும் கல்வியும்

சங்கரின் முழுப்பெயர் கேசவ சங்கர பிள்ளை என்பது. இவர் 1902 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31 ஆம் நாள், திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்த காயங்குளத்தில் பிறந்தார். இளமையிலேயே இவருக்குச் சித்திரம் வரைவதில் பெருவிருப்பம் இருந்தது. ஒருநாள் வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் கண்ணயர்ந்தார். அக்கோலத்தைச் சிறுவர் சங்கர் அப்படியே வரைந்துவிட்டார். தலைமையாசிரியர் அதனைக் கண்டு சினங்கொண்டார். ஆனால் உறவினர் ஒருவர், அப்படத்தில் குறும்பை மட்டுமன்றி ஆற்றலையும் கண்டார். சிறுவரைத் தேற்றி ஊக்கினார். அன்று அவரும் கடிந்திருப்பாராயின், அந்தச் சிறுகை பின்னர்த் தூரிகையைத் தொட அஞ்சியிருத்தல் கூடும்.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் சங்கர் மாவேலிக்கரையிலிருந்த ரவிவர்மா ஓவியப் பள்ளியில் ஓவியம் பயின்றார். பிறகு திருவனந்தபுரத்திற் கல்லூரிக் கல்வி பெற்று 1927 ஆம் ஆண்டில் பட்டதாரியானார். மாணவப் பருவத்தில் நாடகத்திலும் சாரணர் இயக்கத்திலும் ஈடுபட்டார். வெள்ளத்தால் துன்புற்றோர்க்கு நிதி திரட்டும் பணியிலும் முன்னின்றார். பின்னர்ச் சட்டம் பயிலும் நோக்குடன் பம்பாய் சென்றார். ஆயினும் சட்டநூல்கள் அவர் உள்ளத்தைக் கவரவில்லை. படிப்பைக் கைவிட்டு, கப்பல் நிறுவனத் தலைவர் ஒருவரிடம் செயலாளராகப் பணியேற்றார். ஓய்வு நேரங்களில் அவர் வரைந்த கேலிச்சித்திரங்கள் பம்பாய்ச் செய்தித்தாள்களில் வெளிவந்தன.

நகைச்சுவை ஓவியர்

1932 ஆம் ஆண்டில் போத்தன் ஜோசப் என்னும் பத்திரிகையாசிரியர் சங்கரின் திறமையைக் கண்டு, டில்லியிலிருந்து வெளிவந்த இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழுக்கு அவரை அழைத்தார். சங்கர் குடும்பத்துடன் டில்லியிற் குடியேறினார். 1946 ஆம் ஆண்டுவரை அவ்விதழில் அவர் வரைந்த படங்கள் அயலார் ஆட்சியின் குறைகளை எடுத்துக்காட்டின. இடையே இலண்டன் சென்று ஓவியக்கலையிற் பயிற்சி பெற்றதோடு, ஐரோப்பிய நகரங்கள் பலவற்றையும் கண்டு மீண்டார்.

கேலி செய்தல் எளிது. புண்படுத்தாமற் கேலி செய்தல் அரிது. சங்கர் வரைந்த படம் ஒன்றைக் கண்ட காந்தியடிகள் 1939 ஆம் ஆண்டில் அவருக்குக் கடிதம் எழுதினார். ஓவியம் நன்றாயிருப்பினும், அது உண்மையினின்றும் வழுவலாகாது என்றும், நகைப்பு எவரையும் கடித்துக் குதறலாகாது என்றும் அதில் அறிவுறுத்தினார். புகழுரையே கேட்டுப் பழகியவர்க்கு இத்தகைய அறிவுரை கசக்கும். சங்கரோ பிறர் குறையைக் கூறும் தம் தொழிலிற் பொறுப்பும் உண்டு என்பதை நன்கு உணர்ந்தவராகத் தொடர்ந்து பணியாற்றினார்.

நாடு விடுதலை பெற்ற பின், 1948 ஆம் ஆண்டில் சங்கர்ஸ் வீக்லி என்னும் வார இதழைத் தொடங்கினார். தலைமையமைச்சர் நேரு அதனைத் தொடங்கிவைத்து, தம்மையும் விட்டுவிடாது தீட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சங்கரும் அவ்வாறே செய்தார். நேருவை வேடிக்கைக் கோலங்கள் பலவற்றில் வரைந்தார். இருவர்க்கும் இடையே இருந்த நட்பு அதனாற் குறையவில்லை. அபு ஆபிரகாம், குட்டி, ஓ. வி. விஜயன் முதலிய ஓவியர்கள் அவ்விதழின் வாயிலாகப் பெயர் பெற்றனர்.

சிறுவர்க்கு ஆற்றிய பணி

ஆண்டு முழுவதும் அரசியலாரின் குறைகளை வரைந்த கை, குழந்தைகளின் பக்கமும் திரும்பிற்று. சிறுவர்க்கெனத் தனிப் போட்டி ஒன்றைச் சங்கர் 1949 ஆம் ஆண்டில் தொடங்கினார். முதலில் இந்தியச் சிறுவர்க்கு மட்டும் உரியதாயிருந்த அப்போட்டி, விரைவில் உலகச் சிறுவர் அனைவர்க்கும் உரியதாயிற்று. பல நாட்டுக் குழந்தைகள் தம் ஓவியங்களையும் எழுத்துகளையும் டில்லிக்கு அனுப்பலாயினர். 1952 ஆம் ஆண்டு முதல், குழந்தைகள் ஒருங்கு கூடி அவ்விடத்திலேயே அமர்ந்து வரையும் போட்டியும் நடைபெறலாயிற்று. செல்வர் வீட்டுக் குழந்தையும் ஏழை வீட்டுக் குழந்தையும் ஒரே தரையில் அமர்ந்து வண்ணம் தீட்டும் அக்காட்சி டில்லிக்கு ஒரு திருவிழாவாயிற்று.

நல்ல நூல்களும் குழந்தைகளுக்கு வேண்டும் என்று கருதிய சங்கர், 1957 ஆம் ஆண்டில் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவினார். தெளிந்த அச்சும் அழகிய படங்களும் உடைய நூல்கள் குறைந்த விலையில் வெளிவந்தன. அவரே குழந்தைகளுக்காகக் கதைகள் எழுதினார். தம் பாட்டனாருடன் கழித்த இளமை நாட்களையும் ஒரு நூலாக எழுதினார்.

ஒரு பொம்மை தந்த எண்ணம்

1950 ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் ஒருநாள், ஹங்கேரி நாட்டுத் தூதர் சிறுவர் போட்டிக்குப் பரிசாக ஒரு பொம்மையை வழங்கினார். தம் நாட்டு உடையணிந்த அப்பொம்மையின் அழகில் சங்கர் பெரிதும் ஈடுபட்டார். ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு உடுப்பர், எவ்வாறு அணிவர், எத்தகைய முகச்சாயல் உடையர் என்பனவற்றையெல்லாம் ஒரு சாண் அளவுள்ள உருவம் சொல்லாமற் சொல்லிற்று. நூலால் உணர்த்துதற்கு அரியதையும் ஒரு பொம்மை குழந்தைக்கு எளிதில் உணர்த்தும் என்பதை அவர் கண்டார்.

அன்று முதல் அவர் பொம்மை திரட்டலானார். நேரு அயல்நாடுகளுக்குச் சென்றபொழுது உடன்சென்ற பத்திரிகையாளருள் சங்கரும் ஒருவராய் இருந்தார். செல்லும் நாடுதோறும் அந்நாட்டுப் பொம்மைகளை வாங்கினார். நாளடைவில் அவை 500 ஆயின.

இவ்வளவையும் ஓர் அறையிற் பூட்டி வைத்துத் தாமே கண்டு மகிழ்ந்திருக்கலாம். அவர் அங்ஙனம் செய்யவில்லை. அயல்நாடு செல்லும் வாய்ப்பே இல்லாத ஏழைக் குழந்தைகள் அவற்றைக் காணவேண்டும் என்று விரும்பினார். பொம்மைகளைப் பெட்டிகளில் அடுக்கி, சிறுவர் வரைந்த ஓவியங்களுடன் நாட்டின் பல இடங்களுக்கும் கொண்டுசென்று காட்சி வைத்தார். குழந்தைகள் கண்டு களித்தனர். ஆனால், கட்டுவதும் அவிழ்ப்பதும் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தமையாற் பொம்மைகள் சிதையலாயின. கையிழந்தனவும் உடை கிழிந்தனவும் பலவாயின. கொண்டு செல்லாவிடின் குழந்தைகள் காணமாட்டார்கள். கொண்டு சென்றாலோ பொம்மைகள் எஞ்சா. இஃது அவர்க்குப் பெருங்கவலையாயிற்று.

டில்லியில் நடந்த ஒரு காட்சிக்கு நேரு தம் மகளார் இந்திரா காந்தியுடன் வந்தார். சங்கர் தம் கவலையைத் தெரிவித்தார். இப்பொம்மைகளுக்கு நிலையான ஓர் இடம் அமைக்கவேண்டும் என்னும் எண்ணம் அப்பொழுது உருவாயிற்று. 1964 ஆம் ஆண்டில் நேரு மறைந்தார், எண்ணம் மறையவில்லை. டில்லி பகதூர் ஷா ஜாபர் சாலையில் எழுந்த கட்டடம் நேரு இல்லம் என்று பெயர் பெற்றது. அதில் அமைந்த பன்னாட்டுப் பொம்மைக் காட்சிச்சாலையைக் குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் 1965 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30 ஆம் நாள் திறந்துவைத்தார்.

பொம்மைக் கூடத்தின் சிறப்பு

ஏறத்தாழ 85 நாடுகளைச் சேர்ந்த 6000-க்கும் மேற்பட்ட பொம்மைகள் இக்கூடத்தில் திரண்டுள்ளன. சுவரோரமாக அமைந்த கண்ணாடிப் பேழைகளில் அவை நாட்டு முறைப்படி வைக்கப்பட்டுள்ளன. ஸ்பெயின் நாட்டு ஆடல்மகளிர் ஒருபுறம் நிற்பர். தாய்லாந்து மகளிர் இசைக்கருவிகளுடன் ஒருபுறம் அமர்ந்திருப்பர். இலங்கையின் கண்டிப் பெரஹரா ஊர்வலம் ஒரு பேழையில் செல்லும். ஜப்பானிய வீரரும் கபுகி நாடக மாந்தரும் மற்றொரு பேழையில் விளங்குவர்.

ஜப்பானில் மார்ச்சுத் திங்கள் 3 ஆம் நாள் சிறுமியர்க்கெனப் பொம்மை விழா ஒன்று நடைபெறுகின்றது. செந்துணி விரித்த படிகளில் அரசனும் அரசியும் மேற்படியில் இருக்க, ஏனையோர் கீழ்ப்படிகளில் வரிசையாக இருப்பர். செட்டிநாட்டு வீட்டில் கொலுப்படி கண்டு வளர்ந்த சிறுமி ஒருத்தி இதனைக் கேட்பின், தொலைவிலுள்ள அந்நாட்டுச் சிறுமியும் தனக்கு உறவினள் என்றே எண்ணுவாள். சங்கர் விரும்பிய பயனும் இதுவேயாகும்.

இந்தியப் பகுதியில் பல மாநிலத்து மணமக்களும், ஆடற்கலைஞரும், பழங்குடி மக்களும் தத்தமக்குரிய உடையோடு காட்சி தருகின்றனர். இவற்றைச் செய்வதற்குக் கூடத்தோடு இணைந்த பட்டறை ஒன்றும் அமைக்கப்பட்டது. அங்குள்ள கைவினைஞர் ஒவ்வொரு பகுதியினரின் உடை, அணி, முகத்தோற்றம் ஆகியவற்றை ஆராய்ந்து கையினாலேயே பொம்மை செய்தனர். அயல்நாடுகளிலிருந்து வந்த பொம்மைகளுக்கு மாற்றாக இந்தியப் பொம்மைகள் அந்நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. 1980 ஆம் ஆண்டில் போலந்து நாட்டுக் கிராக்கோ நகரில் நடந்த பொம்மைக் காட்சியில் இப்பட்டறைப் பொம்மைகள் முதற்பரிசான பொன்மயிற்பீலியைப் பெற்றன.

இறுதி நாட்கள்

1975 ஆம் ஆண்டு ஜூனில் நாட்டில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. 27 ஆண்டுகள் மக்களை நகைக்கவும் எண்ணவும் செய்த தம் வார இதழை அவ்வாண்டு ஆகஸ்டில் சங்கர் நிறுத்தினார். தாமே பெற்று வளர்த்த இதழை நிறுத்துதல் எளிய செயலன்று. ஆயினும் அவர் சோர்ந்து அமரவில்லை. குழந்தைகளுக்கான போட்டியும், நூல் வெளியீடும், பொம்மைக் கூடமும் அவர் கையில் இருந்தன. எஞ்சிய வாழ்நாளை அவற்றுக்கே ஒப்படைத்தார்.

இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் ஆகிய மூன்று விருதுகளையும் முறையே 1956, 1966, 1976 ஆம் ஆண்டுகளில் வழங்கிற்று. இவற்றினும் வேறான ஒரு சிறப்பு 1977 ஆம் ஆண்டில் கிட்டிற்று. போலந்து நாட்டுக் குழந்தைகள் தம் மனத்துக்கு உகந்த பெரியோர்க்குப் புன்னகை விருது என்பதனை வழங்குகின்றனர். அதனைப் பெறுவோர் எலுமிச்சைச் சாற்றை முகஞ்சுளியாமற் பருகிப் புன்னகை புரிதல் வேண்டும் என்பது மரபு. புளிப்பான உண்மைகளையும் புன்னகையோடு கூறிய சங்கர்க்கு அவ்விருது மிகவும் பொருந்துவதாயிற்று. 1989 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26 ஆம் நாள், தம் 87 ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

முடிவுரை

ஈட்டுதல் ஒரு திறமை. ஈட்டியதைப் பலர்க்கும் பயன்படச் செய்தல் ஒரு பண்பு. கடல் கடந்து ஈட்டிய பெருஞ்செல்வத்தை அழகப்பர் கல்விக்கு ஈந்தார். 1947 ஆம் ஆண்டில் காரைக்குடியில் அவர் தொடங்கிய கல்லூரி அதற்குச் சான்று. சங்கர் திரட்டியவை பொன்னும் மணியும் அல்ல; மரமும் மண்ணும் துணியுமே ஆகும். ஆயினும் அவற்றைக் குழந்தைகளுக்கு ஈந்தமையால், அச்சிறு பொருள்களும் பெருஞ்செல்வமாயின.

பழைய இல்லங்களின் பரண்களில் மரப்பாச்சிகளும், சொப்புகளும், நிறம் மங்கிய கொலுப்பொம்மைகளும் இன்றும் துயில்கின்றன. அவற்றை எடுத்துத் துடைத்து, செய்தவர் யார், ஆடியவர் யார், எவ்வூரிலிருந்து வந்தன என்பனவற்றை முதியோரிடம் கேட்டறிந்து, பள்ளியின் ஒரு மூலையில் அனைவரும் காண அடுக்கி வைத்தல் மாணவர்க்கு இயலாத செயலன்று. 6000 பொம்மைகளைக் கொண்ட பெருங்கூடமும் ஒரே ஒரு பொம்மையிலிருந்துதான் தொடங்கிற்று. இதனை உணர்ந்து நடத்தலே சங்கருக்கு இளைஞர் செய்யும் நன்றிக்கடன் ஆகும்.