அன்னை மீனாம்பாள் சிவராஜ்

ஒரு நகரத்தை ஆளுதல் என்பது யாது? குடிநீர் எந்தத் தெருவரை வரும், விளக்கு எந்த மூலையோடு நிற்கும், சாக்கடை எவர் குடிசை முன் தேங்கும், பள்ளிக்கூடம் எந்தப் பேட்டையில் எழும் என்று முடிவு செய்வதேயாம். இவற்றின் குறையை முதலிற் சுமப்பவள் பெண். அவளினும் மிகுதியாகச் சுமப்பவள் சேரியில் வாழும் பெண். ஆயினும் அம்முடிவுகள் செய்யப்படும் மன்றத்தில் நெடுங்காலம் அவளுக்கு இடமில்லை. அவ்விடத்திற் சென்று அமர்ந்த முன்னோடிகளுள் ஒருவர் அன்னை மீனாம்பாள் சிவராஜ் ஆவார்.

அம்மையார் 1904 டிசம்பர் 26ஆம் நாள் பர்மாவின் இரங்கூன் நகரில் பிறந்தார். தந்தையார் வாசுதேவப் பிள்ளை. தாயார் மீனாட்சி அம்மையார். நம் குலப் பெண்மக்களுக்குக் கல்வி எட்டாக்கனியாயிருந்த அந்நாளில் அவர் இரங்கூனிலேயே நற்கல்வி பெற்றார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, வழக்கறிஞரும் சட்டக் கல்லூரி ஆசிரியருமான என்.சிவராஜ் அவர்களின் வாழ்க்கைத் துணைவியானார். சிவராஜ் 1926 முதல் சென்னைச் சட்டசபையில் இருந்தவர். 1942இல் நாகபுரியில் கூடிய அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் சம்மேளனத்தின் மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர். 1945இல் சென்னை மேயரானவர்.

இத்தகைய பெரியாரின் மனைவிக்கு எளிதில் வாய்க்கும் இடம் ஒன்றுண்டு. மேடையில் கணவர்க்கு அருகே அமர்ந்து, மாலை ஏற்று, மௌனமாக வீடு திரும்புவதே அது. அம்மையார் அவ்விடத்தை ஏற்கவில்லை. 1928இல் சைமன் குழு வந்தபொழுது காங்கிரஸ் அதனைப் புறக்கணித்தது. ஒடுக்கப்பட்டோர் தம் குறையைத் தாமே எடுத்துரைக்கக் கிடைத்த வாய்ப்பு அது என்று கருதிய மீனாம்பாள், அதனை ஆதரித்து மேடையேறிப் பேசினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துமூன்று. பெருங்கூட்டம் ஒரு திசை நோக்கிச் செல்கையில் எதிர்த்து நின்று பேசுதல் ஆண்மக்களுக்கே அரிது அன்றோ!

1938 நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ராமசாமி அவர்களைப் பெரியார் என்றே அழைத்தல் வேண்டும் எனத் தீர்மானித்தது அம்மாநாடே. அதனை முன்னின்று நடத்திய பெண்மணிகளுள் மீனாம்பாளும் ஒருவர். இன்று நாடெங்கும் வழங்கும் அப்பெயர் பெண்கள் கூடிய அவையில் உறுதிப்பட்டதென்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

அண்ணல் அம்பேத்கர் அம்மையாரைத் தம் தங்கையாகவே பாவித்தார். 1944 செப்டம்பரில் அண்ணல் சென்னைக்கு வந்தபொழுது நடைபெற்ற தென்னிந்தியத் தாழ்த்தப்பட்டோர் சம்மேளன மாநாட்டில் அம்மையார் தலைமை வகித்தார். மறு ஆண்டு மே மாதம் பம்பாயில் கூடிய அகில இந்தியத் தாழ்த்தப்பட்ட பெண்கள் மாநாட்டிற்கும் அவரே தலைவர். தமிழ்ப் பெண்ணொருத்தி மராத்தியச் சகோதரிகளுக்கு நடுவே தலைமையிருக்கையில் அமர்ந்தது சிறு செய்தியன்று.

மாநாட்டு மேடை ஒன்று. நகரமன்ற இருக்கை வேறொன்று. முன்னதில் கைதட்டல் உண்டு. பின்னதில் மனுக்களும், கணக்குகளும், ஓயாத வாதங்களுமே உண்டு. 1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சி இந்நாட்டின் மிகப் பழமையான நகராட்சி அமைப்பு. ஆங்கில ஆட்சிக் காலத்தில் வாக்குரிமை சொத்தோடும் வரியோடும் பிணைக்கப்பட்டிருந்தது. தெருவைக் கூட்டியவனுக்கும் மலக்கூடை சுமந்தவளுக்கும் அந்நகரை ஆள்வோரைத் தெரிந்தெடுக்கும் உரிமை இல்லை. அத்தகைய மாநகராட்சியில் மீனாம்பாள் ஆறாண்டுகள் உறுப்பினராயிருந்தார். பதினாறு ஆண்டுகள் கௌரவ மாஜிஸ்திரேட்டாக வழக்குகளை விசாரித்தார். பல்கலைக்கழக ஆட்சிமன்றத்திலும் பணியாற்றினார். தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட குலத்திற் பிறந்தவள் முன்னே, குற்றஞ்சாட்டப்பட்டோர் எக்குலத்தினராயினும் நின்று விடையளிக்க வேண்டியதாயிற்று.

கணவர் சிவராஜ் 1964 செப்டம்பர் 29இல் மறைந்தார். அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த அம்மையார் 1992 நவம்பர் 30ஆம் நாள் இயற்கை எய்தினார். அடுத்த மாதமே நாடாளுமன்றம் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மூன்றிலொரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் அரசியற் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. அம்மையார் தனியே நடந்த பாதை இலட்சக்கணக்கான பெண்களுக்குத் திறக்கப்பட்டதை அவர் காணவில்லை.

இங்கே நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. தாழ்த்தப்பட்டோருள் முதல்வராக ஜெ.சிவசண்முகம் பிள்ளை சென்னை மேயரானது 1937இல். முதற் பெண் மேயராகத் தாரா செரியன் வந்தது 1956இல். தாழ்த்தப்பட்ட பெண்ணொருத்தி அவ்விருக்கையில் அமர்ந்ததோ 2022இல். பிரியா அவர்களே அவர். நம் ஆணுக்கும் நம் பெண்ணுக்கும் இடையே எண்பத்தைந்து ஆண்டுகள்! சாதியின் கதவு திறந்த பின்னும் மற்றொரு கதவு மூடியே இருந்ததென்பதை இதனினும் தெளிவாக எது காட்டும்? அக்கதவின் ஒரு பக்கத்தாழ் நம் வீட்டிற்குள்ளேயே இருப்பதையும் நாம் மறுத்தல் ஆகாது.

பாலக்காட்டு எல்லைச் சிற்றூர்களிலும் மூணாறு, பீர்மேடு மலைத்தோட்ட லயங்களிலும் வாழும் தமிழ்ச் சகோதரிகளே! கேரளத்தில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளாட்சி இடங்களிற் பாதி பெண்களுக்குரியதாயிற்று. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் போனசுக்கும் கூலிக்கும் திரண்டெழுந்தனர், அவ்வாண்டு உள்ளாட்சித் தேர்தலிலும் நின்றனர், சிலர் வென்றனர். ஆனால் வென்ற பெண்ணின் பெயர்ப்பலகைக்குப் பின்னே கணவரோ கட்சிக்காரரோ அமர்ந்து ஆளும் இழிவு நாடெங்கும் காணப்படுகிறது. ஒதுக்கீடு நாற்காலியைத் தரும். அதில் அமரும் துணிவைத் தாராது.

சகோதரிகளே, கோப்பைப் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள். கூட்டத்திற்கு நீங்களே செல்லுங்கள், நீங்களே பேசுங்கள். சகோதரர்களே, அவர்கள் செல்லும் நாளில் உலையை நீங்கள் வையுங்கள். பெரும் தலைவரின் மனைவியாயிருந்தும் தம் சொல்லைத் தாமே சொன்ன அன்னைக்கு நாம் செய்யத்தக்க நன்றி இதுவேயாம்.