நிலத்தின் நடுக்கத்தை அளந்தவர்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின்மேல் கடினமான மணற்பாறை பெருந்தடிப்பாகக் கிடக்கிறது. அதனைப் பொறிகள் அகழ்தற்குமுன் வெடிவைத்துத் தளர்த்துவர். வெடியின் ஆற்றல் முழுவதும் பாறையைப் பிளப்பதோடு அடங்குவதில்லை; எஞ்சியது அலையாய் நிலத்தினூடே பரந்து, அயலூர் வீடுகளின் கடைகாலையும் சுவரையும் அசைக்கும். ஆகவே வீட்டருகே கருவி வைத்து அதிர்ச்சியை அளத்தல் வேண்டும். வினாடிக்கு எட்டுமுறைக்குக் குறைவாக அதிரும் நிலத்தில், பிறர்க்குரிய செங்கல் வீட்டருகே அசைவின் விரைவு வினாடிக்கு 5 மில்லிமீட்டரைக் கடத்தலாகாது என 1997-இல் இந்தியச் சுரங்கப் பாதுகாப்புத் துறை வரம்பு வகுத்தது. இத்தகைய நுண்ணிய அசைவை அளக்க வழிகண்ட முன்னோருள் ஜான் மில்ன் என்பார் சிறந்தவர்.

மில்ன் 1850-இல் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் பிறந்தார். சுரங்கத் தொழிற்கல்வி பயின்றார். ஜப்பானிய அரசு அவரைப் பேராசிரியராக அழைத்தது. கடற்பயணத்தை விரும்பாத அவர், ஸைபீரியா, மங்கோலியா வழியாகப் பெரும்பாலும் நிலவழியே பல மாதம் நடந்தும் ஊர்ந்தும் 1876 மார்ச்சில் டோக்கியோவை அடைந்தார்.

1880 பிப்ரவரியில் யோக்கோஹாமா நகரைப் பூகம்பம் குலுக்கியது. அவ்வாண்டே மில்னின் முயற்சியால் ஜப்பானில் நிலநடுக்க ஆய்வுக் கழகம் தோன்றியது. யூயிங், கிரே என்னும் அறிஞர்களும் அவருமாகப் புதிய அதிர்ச்சிமானிகளை அமைத்தனர். ஆனால், பூகம்பம் நாம் அழைத்தபோது வருவதன்றே! மில்ன் தாமே நிலத்தை நடுங்கச் செய்தார். கனத்த இரும்புக் குண்டை உயரத்திலிருந்து விழச் செய்தும், டைனமைட்டை வெடித்தும், தொலைவில் வைத்த கருவிகளில் அலையின் போக்கைப் பதிந்தார். வன்னிலத்தினும் மென்னிலம் மிகுதியாக ஆடுதலைக் கண்டார்.

வீட்டைக் காக்கும் வழியையும் அவர் நாடினார். இரும்புக் குண்டுகளின்மேல் ஒரு சிறு வீட்டை நிறுத்தினார். காற்றடித்தாலே அது நகர்ந்தது. குண்டுகளைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இறுதியில் கால் அங்குல இரவைகளைப் பரப்பிய பின்னரே வீடு நிலைத்தது.

1891-இல் மினோ, ஓவாரிப் பகுதிகளில் நேர்ந்த பூகம்பத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மில்ன் அவ்வழிவிடங்களை ஆராய்ந்து நூலெழுதினார். 1895-இல் அவருடைய இல்லமும் ஆய்வுக்கூடமும் தீக்கிரையாயின. ஆண்டாண்டாகத் தொகுத்தவை சாம்பலாயின, அவரோ சோர்ந்திலர். ஜப்பானிய மனைவியார் தோனேயுடன் தாய்நாடு திரும்பி, வைட்டுத் தீவில் ஷைடு என்னும் சிற்றூரில் ஆய்வகம் நிறுவினார். அங்கிருந்தே உலகின் பல பகுதிகளிலும் தம் கருவிகளை நிறுவச்செய்து, பதிவுகளைத் திரட்டினார். நம் கோடைக்கானல் வானாய்வகத்திலும் மில்னின் கருவி இயங்கியது.

1913 ஜூலை 31-இல் மில்ன் ஷைடில் மறைந்தார். தோனே அம்மையார் சில ஆண்டுகள் கழித்து ஜப்பானுக்கே மீண்டார்.